இடது பக்கத்துக் கீறல்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குத்தான் காய்ச்சல்.

உன்னிடம் போன் இருந்தால் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்திருப்பேன். காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவள், ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக வீட்டு போனைப் பிடுங்கிப் போட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? "ஊரார் பேச்சு எல்லாம் கேட்டாச்சு. இனிமே என்கிட்ட பேசணும்னா எழுதுங்க" என்று சொல்லிவிட்டாய். எழுதுகிறேன்.

விஷயம் வாலுதான். பதினெட்டு முடிந்த கையோடு எல் போர்டு வாங்கிவிட்டாள். நான்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கற்றுக்கொள்வதில் குறை சொல்ல முடியாது. கியர் மாற்றுவதில் என் கைக்கே வராத பதம் அவள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் என் வண்டி பாழாகிக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் முன்கதவில் ஒரு நீளக் கீறல். பின்கதவில் இன்னும் இரண்டு. போன வாரம் பார்த்தால் இடது பக்கக் கண்ணாடி மடங்கித் தொங்குகிறது. கேட்டால், "நான் இல்லப்பா" என்கிறாள். பின்னே யார், பேயா?

அந்த வண்டி இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது என்று உனக்குத் தெரியும். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் கம்பெனி என்னைத்தான் விரட்டுகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். கருவிப் பெட்டி, கயிறு, கிரீஸ் டப்பா எல்லாம் டிக்கியில்.

நேற்று சாப்பிடும்போது கத்திவிட்டேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு வேற வண்டி வாங்கிக் குடுங்க. எவ்வளவு ஓட்டையா இருந்தாலும் பரவாயில்ல. அப்ப தெரியும்" என்றாள். "என்ன தெரியும்?" என்றேன். அவள் அம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துபோனாள். அவளுக்கு அவள் கவலை. காலையில் பேக்கரி வேலைக்கு நடந்து போகும்போது, எதிரே வேகமாக வரும் வண்டியில் எல்லாம் மகள் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றுகிறதாம்.

இன்னொரு வண்டி வாங்கிக் கொடுத்தால் திமிருக்குத் தீனி போட்டது ஆகாதா? நீ சொல். நீ சொன்னால் கேட்பேன், எப்போதும் போல.

குளிரில் வெளியே அலையாதே.

உன் தம்பி

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது; மழை வருவதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுகிறது, அந்த உபகாரமாவது உண்டு. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை தட்டைத் தள்ளும் அளவுக்கா கத்துவார்கள்? நீ ஓட்டப் பழகியபோது அப்பாவின் வண்டியைப் பக்கத்து வீட்டு வேலிக்குள் விட்டதை நான் இன்னும் வாலுவிடம் சொல்லவில்லை. சொல்ல வைக்காதே.

வண்டி எதுவும் வாங்க வேண்டாம். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வண்டி, இன்ஜினில் ஒரு குறையும் கிடையாது. வண்டிகளை ஏற்றிப் போகும் லாரிக்காரர் ஒருவர் உங்கள் பக்கம் வருகிறார். அவரிடம் பேசிவிட்டேன். எனக்கு இனி அது எதற்கு? இந்தத் தெருவில் நிறுத்த இடம் கிடைப்பதே இல்லை. பேருந்து வாசலிலேயே நிற்கிறது. கடைக்கும் நூலகத்துக்கும் போய்வர அது போதும். விலை, கிலை என்று பேச்செடுத்தால் வண்டி வராது.

சும்மா கேட்கிறேன், நீ கடைசியாகக் கண்ணைக் காட்டியது எப்போது? நாற்பது தாண்டினால் எல்லோரும் காட்ட வேண்டும் என்று எங்கோ படித்தேன். லிஃப்ட் கூண்டின் மேலே ஏறி நிற்கும்போது பார்த்து நில்.

வாலுவுக்கு என் முத்தம். அவள் அம்மாவைக் கொஞ்சம் தூங்கச் சொல்.

அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கடிதத்தைப் படித்ததும் வாலு குதிப்பாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. "அத்தை எதுக்கு வண்டியக் குடுக்குறாங்க?" என்று மட்டும் கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் கொடுத்துத் திருப்திப்படுத்த முடியாது.

ஆனாலும் கேள்வி நியாயமானதுதான். நீயா வண்டியை விடுகிறாய்? மாமா போன துக்கத்திலும், மூலையில் உட்காராமல், மலைப்பாதையில் தனியாக ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கியவள் நீ. நிறுத்த இடம் இல்லை என்று வண்டியைத் தூக்கிக் கொடுக்கிற ஆளா? நீ சொன்னால் சரி, மறு பேச்சு பேசவில்லை. அனுப்பு.

இன்னொன்று. உன் எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது. பக்கத்துக்குப் பத்து வரி வந்தால் அதிகம். தேர்தல் சுவரொட்டி மாதிரி, எதிர் வீட்டுக்காரர் ஜன்னலில் இருந்தே படித்துவிடுவார்.

என் கண்ணைப் பற்றிக் கவலையே படாதே. கண்ட்ரோல் போர்டில் எறும்பு அளவு எழுதியிருக்கும் எண்களைக் கண்ணாடி போடாமல் படிக்கிறேன். கூட வேலை செய்யும் பையன்கள் அசந்துபோகிறார்கள்.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்காதே.

தம்பி

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

நீ நலம்தானே? போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. வண்டி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. லாரிக்காரர் இறக்கிவிட்டபோது தெருவே வேடிக்கை பார்த்தது. வாலு லைசென்ஸ் தேர்வில் முதல் தடவையே தேறிவிட்டாள். ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்து அதிகாரி, "யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாராம். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்று வைத்துக்கொள்.

ஆனால் புதிதாக ஒரு தொல்லை. காலையில் நான் சாவியை எடுப்பதற்குள் உன் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறாள். "ஏறுங்கப்பா, எனக்குப் பழகணும். உங்கள வேலை நடக்குற எடத்துல விட்டுட்டுக் காலேஜ் போறேன்" என்கிறாள். கருவிப் பெட்டியை உன் டிக்கியில் மாற்றி மாற்றி வைத்து எனக்கு முதுகு விட்டுப்போகிறது. சாயங்காலமும் வந்து நிற்கிறாள். சிநேகிதிகளோடு சுற்ற வேண்டிய வயசில் அப்பனைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "விடுங்க, ஆசையா செய்யுறா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் வண்டியைக் கழுவினேன். இடது பக்கம் பின்பம்பருக்கு மேலே புதுக் கீறல். வாலு மார்ச் மாதத்திலிருந்தே என் வண்டியைத் தொடவில்லை. மேல்வீட்டுக்காரன் மோட்டார் பைக்கை நிறுத்தும் லட்சணம் அப்படி. அவனிடம் நேரில் போய்ச் சண்டை போட்டேன். தான் இல்லை என்று சத்தியம் செய்கிறான். இந்த உலகத்தில் யாரும் எதையும் செய்வதில்லை போலிருக்கிறது.

வேலையில் ஒன்றும் விசேஷம் இல்லை. கூண்டுக்கு மேலே நின்றபோது பக்கத்து இரும்பில் தோள் இடித்து வீங்கியது. இப்போது வற்றிவிட்டது. இடம் குறுகல்.

பதில் எழுது. உன் மௌனம் எனக்குப் பழக்கம் இல்லை.

தம்பி

*

ஏப்ரல் 12

அன்பான அத்தைக்கு,

வாலு எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். இப்படி எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. பதிலை அம்மாவின் பேக்கரி முகவரிக்கு அனுப்புங்கள், உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அத்தை, உங்கள் வண்டி வந்ததும் கழுவினேன். மேலே புது பெயிண்ட் அடித்திருக்கிறது. ஆனால் துணியால் துடைக்கும்போது கைக்குத் தெரிகிறது. இடது முன்கதவு, இடது பின்கதவு, பம்பரின் இடது ஓரம். வலது பக்கம் ஒரு கோடு கூட இல்லை. அப்பா வண்டியிலும் அப்படித்தான். முதலில், வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இடது ஓரம் தூரம், எல்லோருக்கும் அங்கேதான் உரசும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்பா வண்டியில் கீறல் போட்டது நான் இல்லை. அதை நிரூபிக்கத்தான் வேறு வண்டி கேட்டேன். நான் தொடாமல் இருந்தும் கீறல் விழுந்தால் அவருக்கே புரியும் என்று நினைத்தேன். அவர் மேல்வீட்டு அண்ணனோடு சண்டைக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். இடது பக்கமாக ஒரு வேன் எங்களை ஒட்டி வருகிறது, அப்பா அதன் மேலேயே சாய்க்கிறார். "அப்பா!" என்று கத்தினால், "எதுக்குக் கத்துற? பயமுறுத்தாத" என்று எனக்குத் திட்டு விழுகிறது. சாப்பாட்டு மேசையில் இடது கைப் பக்கம் தம்ளர் வைத்தால் தட்டிவிடுகிறார். போன மாதம் மட்டும் மூன்று உடைந்தது. அம்மாவும் பார்க்கிறாள். சொன்னேன். "உங்கப்பா சோறே அந்தக் கண்ணுலதான் இருக்கு. உறுதியாத் தெரியாம வாயத் தொறக்காத" என்றாள். அப்புறம் எல்லாத் தம்ளரையும் அவள் வலது பக்கமாக வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் தினமும் நானே அவரைக் கொண்டுபோய் விடுகிறேன். பழகணும் என்று பொய் சொல்கிறேன்.

நீங்கள் ஏன் வண்டி ஓட்டுவதை விட்டீர்கள், அத்தை? நிறுத்த இடம் இல்லாததாலா? வேறு யாரிடமும் நான் இதைக் கேட்க முடியாது.

உங்கள் வண்டியை நன்றாக வைத்திருக்கிறேன்.

வாலு

*

மே 3

தம்பிக்கு,

நான் நலம். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் தேடாதே, சோம்பல்தான். சமையலறைக் குழாய் ஒழுகி, அதைச் சரிசெய்ய வந்தவர் குளியலறைக் குழாயையும் ஒழுக வைத்துவிட்டுப் போனார். கீழ்வீட்டு ஆசிரியை பூனை வளர்க்கிறார். அது என் நாற்காலியில் வந்து படுத்துக்கொண்டு என்னை விருந்தாளி மாதிரி பார்க்கிறது. இந்த வருஷம் வெயில் சீக்கிரம் வந்துவிட்டது.

வாலு தேறியது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. அவள் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் பேசாமல் ஏறி உட்கார். பெண் சாரதி கிடைப்பது உன் அதிர்ஷ்டம்.

தோள் வீக்கம் எப்படி? நம் அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வயசாகிவிட்டது என்று நாம் எல்லோரும் விட்டுவிட்டோம். எதற்கோ ஞாபகம் வந்தது. ஒரு தடவை கண் டாக்டரிடம் போய்வாயேன். சும்மா ஒரு பார்வை பார்க்கட்டும்.

வாலுவின் கடிதம் வந்தது என்று சொல்ல வேண்டாம், நானே அவளுக்கு

(மேலே உள்ள வரியை அடித்துவிட்டேன், கண்டுகொள்ளாதே.)

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மே 14

அத்தை,

நலமாக இருங்கள். உங்கள் கடிதம் அப்பாவுக்கு வந்தது. எனக்கு வரவில்லை.

நீங்கள் அடித்த வரியை அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நல்லவேளை, உங்கள் பேனா தடிமன். "உங்க அத்தை என்னமோ மறைக்குறா. வயசானா எல்லாருக்கும் ஒரு கிறுக்கு வந்துடுது" என்று சிரித்தார். கண் டாக்டர் என்று எழுதியிருந்ததை அம்மா சத்தமாக இரண்டாம் தடவை படித்தாள். "அதான் எறும்பு எழுத்தையே படிக்கிறேனே!" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது கதவு நிலையில் இடது தோள் மோதியது. நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

ஜூன் முதல் வாரம் எனக்குத் தேர்வு. காலையிலேயே போய்விட வேண்டும். அந்த நாட்களில் அவர் தனியாகத்தான் ஓட்டிப் போவார். அவர் சாவியை ஒளித்துவைத்துப் பார்த்தேன். உதிரிச் சாவி இருக்கிறது.

எனக்கு ஊகம் போதாது, அத்தை. "எனக்குத் தெரியும்" என்று ஒருவர் சொன்னால்தான் நான் அவர் முன்னால் நிற்க முடியும். தயவுசெய்து எழுதுங்கள்.

வாலு

*

மே 29

என் தங்கமே,

நீ நன்றாக இருக்க வேண்டும். தேர்வைப் பயப்படாமல் எழுது. இதை முதலில் எழுதிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நீ நினைத்தது சரி. எனக்குக் கண்ணில் அழுத்தம். கிளாக்கோமா என்கிறார்கள். போன மழைக்காலத்தில் என் கட்டடத்துக் கேட் தூணிலேயே உரசினேன். தினமும் நுழைகிற கேட். அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். இடது கண் பெரும்பாலும் போய்விட்டது, வலதும் ஓரங்களில் கரைகிறது. சொட்டு மருந்து விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார்.

உனக்கு ஒன்று புரிய வேண்டும். இருட்டாகத் தெரியும் என்று நினைக்காதே. இருட்டாகத் தெரிந்தால் நானே பயந்து ஓடியிருப்பேன். ஒன்றுமே குறைவாகத் தெரியாது. தெரு முழுசாக இருக்கிற மாதிரியே இருக்கும். அதில் ஒரு ஆள் மட்டும் இருக்க மாட்டார். உன் அப்பா பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது.

இது குடும்பத்தில் வரும் நோய். "கூடப் பொறந்தவங்க இருந்தா ஒடனே பாக்கச் சொல்லுங்க" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். சொல்லியிருந்தால் உன் அப்பா அடுத்த ரயிலைப் பிடித்து வந்து என்னைக் கூட்டிப்போய் உங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார வைத்திருப்பான். எனக்கு என் வீடு வேண்டும், என் சாவி என் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். தியாகம் ஒன்றும் இல்லை. உன் முதல் கடிதம் வந்தபோதாவது எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்தேன், எழுதினேன், கிழித்தேன். பிறகு பூனையைப் பற்றி உன் அப்பாவுக்கு எழுதினேன்.

இந்தக் கடிதத்தை அவனிடம் கொடு. ஊகம் என்று சொல்ல வேண்டாம், அத்தைக்குத் தெரியும் என்று சொல். தேர்வு நாளில் டாக்ஸி பிடித்துக் கொடு. அவனை ஓட்ட விடாதே.

உன் அத்தை

*

ஜூன் 9

அத்தைக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதச் சொன்னாள் அம்மா.

உங்கள் கடிதம் நான்காம் தேதி பேக்கரிக்கு வந்தது. மூன்றாம் தேதி அது நடந்துவிட்டது.

அன்று எனக்குத் தேர்வு. அப்பாவை டாக்ஸியில் போகச் சொல்லிக் கெஞ்சினேன். "ஒன் பரீட்சைய நீ பாரு. நான் நீ பொறக்குறதுக்கு முன்னாடியே ஓட்டுனவன்" என்றார். ஒரு அடுக்குமாடியில் இரண்டு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவசரம். அந்தக் கட்டடத்து வாசலுக்குள் இடது பக்கமாகத் திருப்பியிருக்கிறார். ஓரமாக சைக்கிளில் வந்த ஒரு அக்கா வண்டிக்கும் தூணுக்கும் நடுவே விழுந்துவிட்டார். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறவர். காரை எலும்பு முறிந்துவிட்டது. முகத்தில் தையல்.

நான் மருத்துவமனைக்குப் போனபோது அப்பா வராந்தா பெஞ்சில் இருந்தார், சட்டையில் அந்த அக்காவின் ரத்தம். உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அக்கா கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நான் பெல் அடிச்சேன் சார். நீங்க என்னத் திரும்பிப் பாத்தீங்க. பாத்துட்டுத்தானே திருப்புனீங்க?"

"நான் பாக்கலம்மா."

"பாத்தீங்க சார். என் மூஞ்சிய நேரா பாத்தீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அவர் சட்டையில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "எப்ப இருந்து ஒனக்குத் தெரியும்?" என்று கேட்டார். "பிப்ரவரில இருந்துப்பா." கண் மருத்துவமனைக்கு நான் கூப்பிட்டதும் வந்தார்.

அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும் கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒளிப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். வலது கண்ணுக்குப் பொத்தான் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. இடது கண்ணுக்கு மாற்றினார்கள். சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து அப்பா, "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். அந்தப் பெண் மெதுவாக, "நடந்துக்கிட்டு இருக்கு சார்" என்றாள்.

இரண்டு பேருக்கும் இடது கண்ணே முதலில் போனது தற்செயல் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷா வருஷம் வர வேண்டும்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வழக்கு இருக்கிறது. வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. ஒரு தடவை திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கிறது.

நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை, அத்தை. சொட்டு மருந்தைத் தவறாமல் விடுங்கள்.

வாலு

*

ஜூன் 22

தம்பி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு எலும்பு கூடிவிட்டதா? அவள் கேட்டால், அவள் சொன்னது உண்மை என்று சொல். நீ அவளைப் பார்த்தாய், உன் கண் பார்க்கவில்லை. இது நடந்ததில் பாதி என்னுடையது. என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

மருந்து விடும்போது தலையைப் பின்னால் சாய்த்து, இமையைக் கீழே இழுத்துக்கொள். முதல் நாட்களில் எரியும். பிறகு பழகும்.

அக்கா

*

ஜூலை 20

தம்பி,

இன்றும் தபால்காரர் ஒன்றும் தரவில்லை. நான் நலம். நீ?

அக்கா

*

செப்டம்பர் 1

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு, சோம்பல் என்று உன்னைப் போல நானும் சொல்லிவிடலாம்தான். கோபம். தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். நீ ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பெண் இன்று சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பாள். இதை நினைக்காத நாள் இல்லை. நானும் என் வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி என் முகத்தைப் பார்த்ததைக் கவனிக்காமல் எறும்பு எழுத்தைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். இதையும் நினைக்காத நாள் இல்லை. சரி, எழுதிவிட்டேன். இனி இதை இரண்டு பேரும் சுமக்க வேண்டியதுதான்.

அந்தப் பெண்ணைப் பார்க்க வாரா வாரம் போகிறேன். கையை இப்போது தலை உயரத்துக்குத் தூக்குகிறாள். முதல் மூன்று தடவை அவள் அண்ணன் என்னை வாசலிலேயே நிறுத்தினான். நான்காம் தடவை அவளே உள்ளிருந்து, "உள்ள வரச் சொல்லுண்ணா, வெயில்ல நிக்கிறாரு" என்றாள். போய் உட்கார்ந்தேன். "கண்ணு இப்ப எப்படி சார் இருக்கு?" என்று அவள்தான் கேட்டாள்.

கம்பெனி என்னைத் தூக்கிப் போட்டுவிடும் என்று பயந்தேன். கழற்றிக் கொண்டுவரும் கதவு மோட்டார்களைச் சரிசெய்யும் மேசை வேலை கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் குறைச்சல்தான். ஆனால் யார் உயிரும் அதில் இல்லை என்பது நிம்மதி.

ஒரு கூத்து கேள். வாலு தன் அம்மாவுக்கு என் வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். தெருவில் ஓடும் வண்டியைக் கண்டாலே நடுங்குகிறவள், ஸ்டியரிங்கைப் பிடித்தால் ராணி மாதிரி உட்காருகிறாள். இனி வேலைக்கு வண்டியிலேயே போய் இறங்கி பேக்கரிக்காரரைப் பயமுறுத்துவேன் என்கிறாள்.

என்னை வாலுதான் தினமும் உன் வண்டியில் கூட்டிப் போகிறாள். முதல் நாளிலிருந்தே ஒரு வழக்கம் ஆரம்பித்தாள். ஓட்டிக்கொண்டே, "இடது பக்கம் ஒரு சைக்கிள்பா. ஒரு நாய் படுத்திருக்கு. இப்ப ஒரு பஸ் வருது" என்று சொல்லிக்கொண்டே வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் ஒங்கிட்ட கேட்டனா? வாய மூடிக்கிட்டு ஓட்டு" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். பாவம், முகம் சுருங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நான் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனேன், வந்தேன்.

நேற்று காலையில் சிக்னலில் நின்றிருந்தோம். அவள் என்னைத் தாண்டி எதையோ பார்த்து லேசாகச் சிரித்தாள். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

"என்ன, இன்னிக்கு இடது பக்கம் ஊரே காலியா?" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாளோ என்று எனக்குச் சந்தேகம். பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"இல்லப்பா. ஒரு சலூன் இருக்கு. உள்ள ஒரு குட்டிப் பையன் மொட்டை அடிக்க விடாம ஓடுறான், அவங்கப்பா தொரத்துறாரு. பக்கத்துல பூட்டுன கடை. அதுக்கு மேல மஞ்சள் ஜன்னல், ஒரு பொண்ணு நின்னு தலை துவட்டுது…"

நான் பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தேன், வேலை செய்யும் இடம் வரும்வரை.

தம்பி